டேனி லூயின்: உங்கள் போனுக்குப் பின்னால் இன்றும் ஓடும் ஒரு மாணவரின் கணக்கு

2021 ஜூலை 22, வியாழக்கிழமை. இரவு 9 மணியைத் தாண்டிய நேரம். சாப்பாடு ஆர்டர் செய்ய ஜொமேட்டோவைத் திறந்தவர்களுக்கு ஆப் வேலை செய்யவில்லை. பேடிஎம்மும் திறக்கவில்லை. சரி, ஏதாவது பார்க்கலாம் என்று ஹாட்ஸ்டாருக்குப் போனால் அதுவும் இல்லை. நம்ம வைஃபைதான் போச்சு என்று நினைத்து ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தவர்கள் அன்றைக்கு நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

மூன்றும் வெவ்வேறு கம்பெனிகள், வெவ்வேறு தொழில்கள். அப்புறம் எப்படி ஒரே நேரத்தில் படுத்தன? மூன்றும் நம்பியிருந்த இன்னொரு கம்பெனியில் கோளாறு. அதன் பெயர் அகமாய். ஒரு சாஃப்ட்வேர் அப்டேட், அதன் டிஎன்எஸ் அமைப்பில் ஒளிந்திருந்த ஒரு பிழையைக் கிளப்பிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் சரியானது.

பெயர் தமிழ் மாதிரி காதில் விழுந்தாலும் அது ஹவாய் மொழிச் சொல். 'புத்திசாலித்தனமான' என்று பொருள். நீங்கள் அதன் ஆப்பை டவுன்லோட் செய்திருக்க மாட்டீர்கள், அதற்குப் பணமும் கட்டியிருக்க மாட்டீர்கள். ஆனால் அனேகமாக தினமும் அதைப் பயன்படுத்துகிறீர்கள். 1998-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேனியல் லூயின் அப்போது 28 வயது மாணவர். கையில் படிப்புக் கடன், வீட்டில் மனைவி, இரண்டு பையன்கள். அடுத்த மூன்றே ஆண்டுகளில் அவர் வாழ்க்கை முடிந்துவிட்டது. அவர் போட்ட கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் என்ன செய்தார், அது எப்படி வேலை செய்கிறது, நமக்கு அதில் என்ன இருக்கிறது? பார்க்கலாம்.

யார் இந்த டேனி லூயின்?

1970 மே 14 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் பிறந்தவர். 14 வயதில், 1984-ல், குடும்பத்தோடு இஸ்ரேலில் உள்ள ஜெருசலேமுக்குக் குடிபெயர்ந்தார். பதின்ம வயதில் நண்பர்கள், மொழி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறொரு நாட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை.

அந்த நாட்டில் ராணுவ சேவை கட்டாயம். லூயின் சேர்ந்தது 'சயெரெத் மட்கல்' என்ற சிறப்புப் படைப்பிரிவு. தேர்வாவதே கடினமான பிரிவு அது. அங்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்து, கேப்டன் பதவி வரை உயர்ந்தார்.

அதன் பிறகுதான் கல்லூரி. ஹைஃபா நகரில் உள்ள டெக்னியான் பல்கலைக்கழகத்தில் படித்து, 1995-ல் இரண்டு இளநிலைப் பட்டங்களை மிக உயர்ந்த தேர்ச்சியோடு வாங்கினார். படிக்கும்போதே அதே ஊரில் இருந்த ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலையும் பார்த்தார். புராசசர் சிப்புகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்கும் 'ஜெனிசிஸ்' என்ற மென்பொருளை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

1996-ல் பிஎச்.டி. படிக்க அமெரிக்காவின் எம்ஐடிக்கு வந்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் டாம் லெய்ட்டன், கணிதப் பேராசிரியர். அல்காரிதம் துறையில் அப்போதே பெரிய பெயர். இந்த இரண்டு பேரின் கூட்டணிதான் இந்தக் கதையின் மையம்.

இன்டர்நெட்டில் அப்போது என்ன பிரச்சினை?

வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அந்தச் சமயத்தில் எம்ஐடியில்தான் இருந்தார். அவர் அறையும் லெய்ட்டன் அறையும் ஒரே வராந்தாவில். 1995-லேயே பெர்னர்ஸ்-லீ சக ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு கவலையைச் சொன்னார்: வெப் இதே வேகத்தில் வளர்ந்தால் நெரிசலில் மூச்சு முட்டும், தகவலைக் கொண்டுசேர்க்கப் புது வழி வேண்டும்.

கவலையில் அர்த்தம் இருந்தது. அன்றைய இணையதளம் என்பது பெரும்பாலும் ஓர் இடத்தில் இருக்கும் சில சர்வர்கள். உலகத்தில் யார் கேட்டாலும் அங்கிருந்துதான் பதில் வர வேண்டும். இதில் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, தூரம். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு நேர்கோட்டுத் தூரமே சுமார் 13,000 கிலோமீட்டர். போய் வர 26,000. அதாவது, வழியில் எந்தத் தடங்கலும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்விக்குப் பதில் வர 0.13 நொடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். ஒரு பக்கம் முழுசாகத் திறக்க இந்த மாதிரிப் பல தடவை போய் வர வேண்டும். பேண்ட்வித் எவ்வளவு வாங்கினாலும் ஒளியின் வேகத்தை ஏற்ற முடியாது.

இரண்டாவது, திடீர்க் கூட்டம். ஒரு செய்தி வெடித்தால் சில நிமிடங்களில் லட்சக்கணக்கானோர் ஒரே பக்கத்துக்கு வருவார்கள். அதைத் தாங்குகிற அளவுக்கு சர்வர் வாங்கிப் போட்டால் மற்ற நாட்களில் அவை சும்மா கிடக்கும். வாங்காவிட்டால், யாருக்கு எப்போது ரொம்பத் தேவையோ அப்போதுதான் தளம் படுக்கும்.

தீர்வு என்னவாக இருக்கலாம் என்று யோசித்தால் உங்களுக்கே தோன்றும்: பக்கத்தின் நகல்களை உலகம் முழுக்கப் பல சர்வர்களில் வைத்துவிட வேண்டும்; அருகில் இருக்கும் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். யோசனை எளிது. ஆனால் எந்த நகல் எந்த சர்வரில் இருக்கிறது என்பதை எப்படி முடிவு செய்வது? கஷ்டமே அங்கேதான் இருக்கிறது.

சுற்றுச்சாலைக் கணக்கு

இதைப் புரிந்துகொள்ள ரேஷன் கடையை எடுத்துக்கொள்வோம்.

ஓர் ஊரில் 110 குடும்பங்கள், 1 முதல் 110 வரை கார்டு எண்கள். கடைகள் 10, அவற்றுக்கு 0 முதல் 9 வரை எண்கள். எந்தக் குடும்பம் எந்தக் கடைக்குப் போக வேண்டும்? கார்டு எண்ணை 10-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடை எண். 25-ம் எண் கார்டு 5-வது கடைக்கு, 47-ம் எண் கார்டு 7-வது கடைக்கு. யாரிடமும் பட்டியல் வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே போதும்.

இப்போது கூட்டம் அதிகமாகிவிட்டது என்று 11-வது கடையைத் திறக்கிறீர்கள். இனி 11-ஆல் வகுக்க வேண்டும். 25-ம் கார்டு 3-வது கடைக்குப் போகிறது. 47-ம் கார்டும் 3-க்கு. முழுசாக் கணக்குப் போட்டுப் பாருங்க: 110 குடும்பங்களில் 100 குடும்பங்களுக்குக் கடை மாறிவிடும். ஒரே ஒரு கடை திறந்ததற்கு ஊரே இடம் மாறுகிறது.

ரேஷன் கடையில் இது எரிச்சல். இன்டர்நெட்டில் இது விபத்து. ஏனென்றால் ஒவ்வொரு சர்வரும் தனக்கு வந்த பக்கங்களின் நகலை மட்டும்தான் சேமித்து வைத்திருக்கும். முகவரி மாறியதும் எந்த சர்வரிலும் சரியான நகல் இருக்காது. எல்லாக் கோரிக்கைகளும் மறுபடியும் மூல சர்வருக்கே ஓடும். கூட்டத்தைச் சமாளிக்க ஒரு சர்வர் சேர்த்தது, கூட்டம் மொத்தத்தையும் மூல சர்வர் தலையில் இறக்கிவிடும்.

1997-ல் லூயின், லெய்ட்டன் உட்பட ஆறு பேர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. ஆறு பேரில் முதல் பெயர் டேவிட் கார்கர். ரீனா பாணிகிராகி என்ற இந்தியப் பெயரும் உண்டு. அந்த முறைக்கு 'கன்சிஸ்டன்ட் ஹேஷிங்' என்று பெயர்.

யோசனை இதுதான். ஊரைச் சுற்றி ஒரு சுற்றுச்சாலை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைகளை அந்தச் சாலையில் ஆங்காங்கே வையுங்கள். வீடுகளும் அதே சாலையில்தான். விதி ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டிலிருந்து கடிகாரச் சுற்றில் நடந்தால் முதலில் வரும் கடைதான் உங்கள் கடை.

இப்போது 11-வது கடையைத் திறங்கள். யாருக்குக் கடை மாறும்? புதுக் கடைக்கும் அதற்கு முந்தைய கடைக்கும் இடையில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும். மற்றவர்களுக்கு எதுவும் தெரியவே தெரியாது. சராசரியாக 10 குடும்பங்கள் மாறும். முன்பு 100, இப்போது 10. ஒரு கடை மூடப்பட்டாலும் இதே கதைதான்: அந்தக் கடைக்காரர்கள் மட்டும் அடுத்த கடைக்கு நடப்பார்கள்.

கடைகள் ஒரே பக்கம் குவிந்துவிட்டால்? ஒவ்வொரு சர்வரையும் வட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் வைக்காமல் பல புள்ளிகளில் வைத்தால் சுமை ஏறக்குறைய சமமாகிவிடும்.

அவ்வளவுதான். பேக் எண்ட் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகும்போது 'சிஸ்டம் டிசைன்' பாடத்தில் ஒரு வட்டம் வரைந்து சொல்லிக் கொடுப்பார்களே, அது இதுதான். லூயின் இதையே தன் முதுநிலை ஆய்வேடாகவும் 1998-ல் சமர்ப்பித்தார். எம்ஐடியில் அதற்கு விருதும் கிடைத்தது.

பேப்பரிலிருந்து கம்பெனிக்கு

இதில் கம்பெனி எங்கே வந்தது? காசு இல்லாததால் வந்தது என்று சொல்லலாம்.

எம்ஐடியில் அப்போது ஆண்டுதோறும் '50கே' என்ற தொழில்முனைவோர் போட்டி நடந்துவந்தது. கையில் பணம் தட்டுப்பாடாக இருந்த லூயினுக்குப் பரிசுத் தொகை பெரிய ஈர்ப்பு. 1998 போட்டியில் தங்கள் அல்காரிதத்தை வைத்து ஒரு தொழில் திட்டம் போட்டார்கள். எம்ஐடியின் மேலாண்மைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ப்ரீதிஷ் நிஜாவன், ஜோனதன் சீலிக் போன்றோரும் சேர்ந்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்குத் தொழில் திட்டம் எழுதத் தெரியாது, இவர்களுக்குத் தெரியும்.

சுமார் 100 குழுக்களில் கடைசி ஆறு பேருக்குள் வந்தார்கள். ஜெயிக்கவில்லை.

ஆனால் அதற்குள் லூயினுக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: இது பேப்பரில் மட்டும் இருக்க வேண்டிய விஷயம் இல்லை. முதலில் அவர்கள் நினைத்தது, இன்டர்நெட் இணைப்பு தரும் பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தைக் கொடுக்கலாம் என்று. பிறகுதான், தாங்களே சர்வர்களை வைத்துச் சேவையாகத் தருவது, இணையதளம் நடத்துபவர்களிடம் கட்டணம் வாங்குவது என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒரு திருப்பம்தான் இன்று 'சிடிஎன்' என்று அழைக்கப்படும் தொழிலின் அடிப்படை.

1998 ஆகஸ்ட் 20 அன்று அகமாய் பதிவானது. எம்ஐடியிடமிருந்து தொழில்நுட்பத்துக்கான பிரத்யேக உரிமம் பெற்றார்கள். லூயின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. லெய்ட்டன் தலைமை விஞ்ஞானி. லூயின் பிஎச்.டி.யை நிறுத்தி வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இருவருமே தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியில் உட்காரவில்லை. 1999 ஏப்ரலில் அந்தப் பொறுப்புக்கு ஐபிஎம்மில் நீண்டகால அனுபவம் கொண்ட ஜார்ஜ் கான்ரேட்ஸ் வந்தார். டைம் நிறுவனத்தின் டிஜிட்டல் பிரிவில் இருந்த பால் சேகன் நிர்வாகத்துக்கு வந்தார். தங்களுக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

1999: ஒரே வருடத்தில் உச்சம்

1999 மார்ச்சில் முதல் பெரிய சோதனை வந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளுக்காக இஎஸ்பிஎன் தளத்திலும், புதிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் டிரெய்லருக்காக இன்னொரு தளத்திலும் கூட்டம் அலைமோதியது. அந்தச் சமயத்தில் பல தளங்கள் திணற, அகமாய் வழியாகப் போனவை நின்றன. அடுத்த மாதமே வணிகரீதியாகச் சேவை தொடங்கியது. ஆரம்ப வாடிக்கையாளர்களில் யாஹூவும் ஒன்று. அந்த ஆண்டே ஆப்பிள் 1.25 கோடி டாலர் முதலீடு செய்தது. சிஸ்கோவும் மைக்ரோசாஃப்ட்டும் முதலீடு செய்தன.

1999 அக்டோபர் 29 அன்று பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கின் வெளியீட்டு விலை 26 டாலர். அன்று மாலை சந்தை மூடும்போது 145 டாலர். அன்றைய காலகட்டத்தின் மிகப் பெரிய முதல் நாள் ஏற்றங்களில் ஒன்று. முந்தைய ஆண்டு பரிசுப் பணத்துக்காகப் போட்டியில் கலந்துகொண்டவர், காகிதத்தில் பெரும் கோடீஸ்வரர்.

காகிதத்தில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது.

பிறகு வந்த சரிவு

2000-ம் ஆண்டில் டாட்காம் குமிழி உடைந்தது. அகமாயின் வாடிக்கையாளர்களில் பலர் அதே குமிழியில் பிறந்த கம்பெனிகள். அவை மூடப்பட, வருமானம் அடி வாங்கியது. 2001-ல் ஆட்குறைப்பு தொடங்கியது. ஒரு காலத்தில் 300 டாலரைத் தாண்டிய பங்கு, அந்த ஆண்டு செப்டம்பருக்குள் சில டாலர்களுக்கு வந்துவிட்டது.

ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் புரியும். 'ஈசாப்' பங்குகளை வைத்து வீடு வாங்கக் கணக்குப் போட்டு, பிறகு அந்தக் கணக்கை அழித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தொழில்நுட்பம் முன்பைவிட நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் சந்தை விலைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

2001 செப்டம்பர் 11

அன்று காலை பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு வேலை நிமித்தமாகக் கிளம்பினார் லூயின். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் 11. பிசினஸ் வகுப்பில் இருக்கை 9பி.

விமானத்தைக் கடத்திய ஐந்து பேரில் இருவர் அவருக்கு முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவர் அவருக்கு நேர்ப் பின்னால். அமெரிக்க அரசின் விசாரணை ஆணையம் பின்னர் வெளியிட்ட அறிக்கை, லூயின் கத்தியால் குத்தப்பட்டார் என்றும், பின்னால் இருந்தவர்தான் அதைச் செய்திருக்கலாம் என்றும் சொல்கிறது. முன்னால் இருந்த கடத்தல்காரர்களைத் தடுக்க அவர் முயன்றிருக்கலாம், பின்னாலும் ஒருவர் இருப்பது தெரியாமல் இருந்திருக்கலாம் என்பதும் அந்த அறிக்கையின் கணிப்பு. காலை 8:46-க்கு அந்த விமானம் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதியது. லூயினுக்கு வயது 31.

மோதிய சில நிமிடங்களில் உலகமே செய்தித் தளங்களைத் திறக்கப் பார்த்தது. அதுவரை இன்டர்நெட் பார்த்திராத கூட்டம். பெரிய செய்தித் தளங்கள் பல திணறின. சிஎன்என் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் எழுத்துகளோடு முகப்பைச் சுருக்கியது.

கேம்பிரிட்ஜில் இருந்த அகமாய் அலுவலகத்தில், தங்கள் நிறுவனர் அந்த விமானத்தில் இருந்தார் என்ற செய்தி வந்தபோது, ஊழியர்கள் செய்தித் தளங்களைத் தாங்கிப் பிடிக்கும் வேலையில் இருந்தார்கள். திடீர்க் கூட்டம் வந்தால் என்ன செய்வது? பெர்னர்ஸ்-லீ கேட்டது, லூயின் தன் ஆய்வேட்டில் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். அன்று அதற்குப் பதிலை நடைமுறையில் காட்ட வேண்டியிருந்தது.

அவருக்குப் பிறகு கம்பெனி என்ன ஆனது?

உடனே எதுவும் சரியாகவில்லை. 2002-ல் பங்கு விலை ஒரு டாலருக்கும் கீழே போனது. மூடிவிடுவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். மூடவில்லை. டாட்காம் கம்பெனிகள் போன இடத்தில் பெரிய, பழைய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களாக வந்தன. 2004-ல் அகமாய் லாபத்துக்கு வந்தது. 2013 ஜனவரியில், அதுவரை ஆராய்ச்சிப் பக்கமே இருந்த லெய்ட்டன் தலைமைச் செயல் அதிகாரியானார்.

லூயினுக்கான அங்கீகாரங்கள் அவர் இல்லாமலே வந்தன. கணினி அறிவியல் கோட்பாட்டுக்கான முக்கிய மாநாடான 'ஸ்டாக்', சிறந்த மாணவர் கட்டுரைக்கான விருதுக்கு அவர் பெயரை வைத்தது. 1997-ல் அவர்கள் கட்டுரை வாசிக்கப்பட்டது அந்த மாநாட்டில்தான். எம்ஐடி வளாகத்தை ஒட்டி ஒரு சந்திப்புக்கு அவர் பெயர். 2017-ல் லெய்ட்டனும் லூயினும் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்தக் கணக்கு அகமாயோடும் நிற்கவில்லை. அமேசான் 2007-ல் வெளியிட்ட 'டைனமோ' தரவுத்தளக் கட்டுரையின் அடித்தளத்தில் கன்சிஸ்டன்ட் ஹேஷிங் இருக்கிறது. 'கசாண்ட்ரா' தரவுத்தளமும் அதே வட்டத்தைத்தான் பயன்படுத்துகிறது. இணையப் பக்கங்களுக்காகப் போட்ட கணக்கு, தரவுகளைப் பிரித்து வைக்கவும் பொருந்தியது.

இன்று நீங்கள் ஒரு லிங்க்கைத் தட்டும்போது என்ன நடக்குது?

சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. உங்கள் போன் முதலில் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும்: 'இந்தத் தளத்தின் முகவரி என்ன?' அந்தத் தளம் ஒரு சிடிஎன்னைப் பயன்படுத்தினால், பதிலைச் சொல்வது சிடிஎன். நீங்கள் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள், அருகில் எந்த சர்வர் சும்மா இருக்கிறது என்று பார்த்து அதன் முகவரியைக் கொடுக்கும்.

2. அந்த சர்வர் உங்கள் ஊரிலேயே, சில சமயம் உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே இருக்கலாம். அதில் நகல் இருந்தால் உடனே வரும்.

3. நகல் இல்லை என்றால் அந்த சர்வர் மூல தளத்திடம் ஒருமுறை வாங்கி, உங்களுக்கும் கொடுத்து, தன்னிடமும் வைத்துக்கொள்ளும். அடுத்து கேட்பவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

4. நகல் எவ்வளவு நேரம் செல்லும் என்பதைத் தளத்தின் உரிமையாளர் முடிவு செய்வார். லோகோவுக்கு ஒரு மாதம் கொடுக்கலாம். கிரிக்கெட் ஸ்கோருக்குச் சில நொடிதான்.

நம் நாட்டில் இதன் அளவு தெரிய ஒரு எண் போதும். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். எந்த ஒற்றை இடத்திலிருந்தும் இத்தனை பேருக்கு வீடியோ அனுப்ப முடியாது. அகமாய்க்கு பெங்களூருவில் பெரிய அலுவலகம் இருக்கிறது. 2023-ல் சென்னையிலும் அதன் கிளவுட் சேவை தொடங்கியது. கிளவுட்ஃபிளேர், ஃபாஸ்ட்லி, அமேசானின் கிளவுட்ஃபிரன்ட் எல்லாம் இந்தத் தொழிலில் பின்னால் வந்தவை. நெட்ஃபிளிக்ஸும் கூகுளும் தங்கள் சர்வர்களை நேரடியாக இன்டர்நெட் நிறுவனங்களிடமே கொண்டுபோய் வைக்கின்றன.

இதுல ஆபத்து இல்லையா?

இருக்கிறது. லூயினும் லெய்ட்டனும் தீர்க்கப் பார்த்தது 'எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடுகிறார்கள்' என்ற பிரச்சினையை. இன்று சர்வர்கள் உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆனால் அவற்றை நடத்துவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள். ஒரு சர்வர் போனால் யாருக்கும் தெரியாது. ஒரு கம்பெனியின் தவறான அப்டேட் எல்லா சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் போனால் எல்லோருக்கும் தெரியும்.

2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லியில் கோளாறு வந்தபோது உலகின் பெரிய செய்தித் தளங்கள் பல மறைந்தன. அடுத்த மாதம் அகமாய். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் தடுமாறியபோது எக்ஸ், சாட்ஜிபிடி போன்றவை பலருக்குத் திறக்கவில்லை. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் இப்போது ஒன்றுக்கு இரண்டு சிடிஎன் வைத்துக்கொள்கின்றன. செலவு கூடும். சின்ன ஸ்டார்ட்அப்புக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் கம்பெனியில் இந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் நீங்கள் உட்கார நேர்ந்தால், 'சிடிஎன் போனால் நம்ம நிலை என்ன?' என்று ஒருமுறையாவது கேட்டு வையுங்க.

உங்கள் கெரியருக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

நிறுவனர்களின் கதைகளைப் படிக்கும்போது ஒரு பழக்கம் உண்டு. அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு தூங்கினார் என்று பட்டியல் போடுவது. லூயின் விஷயத்தில் அதைவிடப் பயனுள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அடிப்படைகள் வீண் போவதில்லை. 1997-ல் அந்தக் கட்டுரை சுத்தமான தியரி. அடுத்த ஆண்டு அது கம்பெனி. பத்து ஆண்டுகள் கழித்து இன்னொருவரின் தரவுத்தளம். பல ஃபிரேம்வொர்க்குகள் இவ்வளவு காலம் தாங்குவதில்லை. தினசரி வேலைக்கு ஃபிரேம்வொர்க் வேண்டும்தான். ஆனால் வாரத்தில் சில மணி நேரம் அல்காரிதத்துக்கும் நெட்வொர்க்கிங்குக்கும் ஒதுக்கினால் அது நீண்ட நாள் முதலீடு.

இரண்டு, பதவியைவிடப் பொருத்தம் முக்கியம். நிறுவனர் என்றால் சிஇஓவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தொழில்நுட்பப் பக்கத்திலேயே இருந்து, அந்தக் கம்பெனியின் முகமாகவும் இருந்தார்.

மூன்று, பங்கு விலை உங்கள் வேலையின் மதிப்பெண் அட்டை இல்லை. 145 டாலராக இருந்தபோதும் சில டாலராக இருந்தபோதும் அந்த அல்காரிதம் ஒன்றுதான். சந்தை உயரும்போது நீங்கள் மேதையும் இல்லை, விழும்போது முட்டாளும் இல்லை. லேஆஃப் செய்திகளுக்கு நடுவே இதை நினைவில் வைப்பது கஷ்டம்தான், ஆனாலும் உண்மை.

உள்கட்டமைப்பில் வேலை செய்வதற்கு என்று ஒரு குணம் இருக்கிறது. குடிநீர்க் குழாய் போடுபவரைப் போல. தண்ணீர் வரும்வரை யாரும் அவரை நினைப்பதில்லை, நின்றால்தான் போன் செய்வார்கள். எஸ்ஆர்இ, நெட்வொர்க், டேட்டாபேஸ் வேலைகளில் இருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். லூயின் தேர்ந்தெடுத்தது அந்த வேலையைத்தான்.

நேரம் இருந்தால் இன்று ஒன்றைச் செய்து பாருங்கள். லேப்டாப்பில் ஏதாவது ஒரு பெரிய வங்கியின் அல்லது விமான நிறுவனத்தின் தளத்துக்கு 'என்எஸ்லுக்கப்' கட்டளை கொடுங்கள். வரும் பதிலில் 'அகமாய்எட்ஜ்' என்ற பெயரோ வேறொரு சிடிஎன்னின் பெயரோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தத் தளம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.